கன்னத்தில் முள் இருந்ததா?

"கன்னத்துல முள்ளு இருந்துச்சா, பாத்தியா?"

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். மீனின் நீலத்தைப் பற்றியும் அதன் மேல் ஓடிய வெள்ளைக் கோடுகளைப் பற்றியும் நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. முள்ளைத்தான் கேட்டார். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அப்பா கூடு வைத்து மீன் பிடிப்பவர். உடைமர விளார்களைப் பின்னிச் செய்யும் அந்தக் கூடுகளைக் கல் கட்டிப் பாருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, பிறகு போய் எடுப்பார்கள். பவளப்பாறையை எங்கள் ஊரில் 'பார்' என்றுதான் சொல்வோம். இத்தனைக்கும் நடுவில் வளர்ந்த நான் கடலுக்குள் தலையை விட்டுப் பார்த்தது முப்பது வயதுக்கு மேல்தான், அதுவும் அந்தமானில். போர்ட் பிளேரில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. சேர்ந்த இரண்டாம் வருடம், உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் நீல் தீவுக்குக் கூட்டிப் போனார். இப்போது அந்தத் தீவுக்கு ஷஹீத் தீவு என்று பெயர். கப்பல் டிக்கெட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும், பேச்சில் இன்னும் நீல்தான்.

பரத்பூர் கடற்கரையில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, உயிர்காப்புச் சட்டையோடு மிதந்தேன். கீழே இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை. முதல் பத்து நிமிடம் மூச்சு விடுவதைத் தவிர வேறு எதிலும் கவனம் போகவில்லை. அப்புறம் மூச்சு சீராகி, காதுக்குள் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. எண்ணெயில் கடுகு பொரிவது போலச் சடசடவென்று இருந்தது. பாறை இடுக்குகளில் இருக்கும் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் என்று அக்கா பிறகு சொன்னார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அந்த மீனைப் பார்த்தேன்.

மேசை போலப் பரந்து நின்ற ஒரு பவளத்தின் அடியில், நிழலில் இருந்தது. என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். உடம்பு கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். அதன் மேல் வெள்ளையும் வெளிர் நீலமுமாகக் கோடுகள், வளைந்து வளைந்து வாலை நோக்கிப் போயின. வெளியே வரும், என் நிழல் பட்டதும் உள்ளே போகும், திரும்ப மூக்கை நீட்டும். கூட்டம் எதிலும் சேராமல் தனியாகவே இருந்தது. கையிலிருந்த சின்னக் கேமராவில் ஏழெட்டுப் படம் எடுத்தேன்.

தட்டையான உடம்பு, சின்ன வாய், பளிச்சென்ற கோடு. அதனால் பட்டாம்பூச்சி மீனின் குஞ்சு என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பெருமையில்தான் அப்பாவுக்குப் படம் அனுப்பினேன்.

அவர் கேட்ட பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே, செவுள் மூடியின் கீழ் ஓரத்தில், பின்பக்கம் பார்த்து ஒரு முள். நகத்துணுக்கு அளவுதான், ஆனால் சந்தேகம் இல்லாமல் இருந்தது.

"அப்ப அது வேற சாதி. கூட்டுக்குள்ள கையை விட்டா அந்த முள்ளு கிழிச்சிரும். அதைப் பாக்காம மீனைத் தொடக் கூடாது தாயி" என்றார்.

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. ஏஞ்சல் மீன் குடும்பத்தையும் பட்டாம்பூச்சி மீன் குடும்பத்தையும் பிரித்துக் காட்டுவது கன்னத்தில் இருக்கும் அந்த முள்தான். ஏஞ்சலுக்கு உண்டு, பட்டாம்பூச்சி மீனுக்குக் கிடையாது. பெரிய ஏஞ்சல் மீன்களின் பேரினத்துக்கு அறிவியலில் போமகாந்தஸ் என்று பெயர். கிரேக்கத்தில் 'போமா' என்றால் மூடி, 'அகாந்தா' என்றால் முள். செவுள் மூடியில் முள் உள்ளது என்பதையே பெயராக வைத்திருக்கிறார்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொண்ட அன்று அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவர் கையைக் கிழித்துக்கொண்டு கற்றதைத்தான் அவர்கள் பெயராக எழுதியிருக்கிறார்கள் என்றேன். "பின்ன?" என்றார். அவ்வளவுதான்.

சரி, ஏஞ்சல் மீன். ஆனால் எந்த ஏஞ்சல்? இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன்.

ஓர் அலைபேசிச் செயலியில் படத்தைப் போட்டேன். 'எம்பரர் ஏஞ்சல் மீன், குஞ்சு' என்று பதில் வந்தது. இணையத்தில் எம்பரர் குஞ்சின் படத்தைத் தேடினேன். கருநீல உடம்பு, வெள்ளைக் கோடுகள். ஆமாம், அதேதான் என்று தோன்றியது. அந்த வாரமே வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு பெரிய அட்டையில் படத்தை ஒட்டி, பெயரை எழுதி, சுவரில் மாட்டினேன். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது. பிள்ளைகள் அந்தப் பெயரை மனப்பாடமாகச் சொன்னார்கள். அவர்கள் நோட்டில் வரைந்த மீன்களெல்லாம் என் மீனைப் பார்த்து வரைந்தவை.

கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருவர் பிள்ளைகளிடம் பேச ஒருநாள் பள்ளிக்கு வந்திருந்தார். அட்டையைப் பார்த்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், இதுல வட்டம் எங்கயாவது மூடியிருக்கா?"

இருவரும் அட்டைக்கு முன் நின்று விரலால் கோடுகளைத் தொட்டுப் பார்த்தோம். தலைப்பக்கக் கோடுகள் கிட்டத்தட்ட நேராக இறங்கின. போகப் போக வளைவு கூடியது. வால் பக்கத்தில் நன்றாக வளைந்து பிறை மாதிரி ஆகின. ஆனால் ஒன்றுகூட முழு வட்டமாக மூடவில்லை. எல்லாமே வாலைப் பார்த்துத் திறந்திருந்த அரைவட்டங்கள்.

எம்பரர் குஞ்சுக்கு அப்படி இருக்காது. குளத்தில் கல் விழுந்தால் வட்டம் வட்டமாக அலை விரியுமே, அதுபோல வாலுக்குச் சற்று முன்னால் ஒரு மையம் இருக்கும். அந்த மையத்தைச் சுற்றியுள்ள உள்வளையங்கள் முழுசாக மூடியிருக்கும். நான் பார்த்தது போமகாந்தஸ் செமிசர்க்குலாட்டஸ். அரைவட்டம் என்று பெயரிலேயே இருக்கிறது. மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு. நீல வளைய ஏஞ்சல், அதாவது போமகாந்தஸ் அன்னுலாரிஸ். அதன் குஞ்சும் அதே கருநீலம், அதே வெள்ளைக் கோடு. ஆனால் கோடுகள் அதிகம் வளையாமல், சேலையின் பட்டைக்கோடு போல மேலிருந்து கீழே இறங்கும். இந்த மூன்றும் நம் கடல்களில் உள்ளவை. நிறத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே மீன்தான். கோடு எப்படிப் போகிறது என்று விரல் வைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை.

அட்டையைக் கழற்றினேன். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம், நான் சொல்லிக்கொடுத்தது தவறு, இந்த மீனின் பெயர் வேறு என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று ஒரு பையன் கேட்டான். மூன்று மீன்களையும் கரும்பலகையில் கோடாகவே வரைந்து காட்டினேன், நிறம் எதுவும் போடாமல். வெள்ளைச் சாக்பீஸ் மட்டும் போதுமாக இருந்தது. வண்ண மீனை அடையாளம் காண வண்ணம் தேவைப்படவில்லை என்பது அந்தக் கரும்பலகை முன்னால்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு பார்க்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். தண்ணீருக்குள் ஒரு மீனைக் கண்டதும் நிறம் தானாகக் கண்ணில் ஏறிவிடும். அதற்குத் தனியாக முயற்சி வேண்டாம். அதனால் நிறத்தை விட்டுவிட்டு முதலில் உடம்பின் அமைப்பைப் பார்க்கிறேன். தட்டா, உருளையா? வாய் நுனியில் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா? வால் வட்டமா, வெட்டிவிட்டது போல நேராக இருக்கிறதா, பிறை போல உள்வாங்கியதா? அதற்கு அப்புறம் கண்: கண்ணை மறைத்து ஒரு பட்டை போகிறதா? பிறகு கோடுகள், அவை போகும் திசை. கடைசியில்தான் நிறம். வாயின் இடத்தைப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும் துப்புரவு மீன் ஒன்று உண்டு. நீல உடம்பில் கறுப்புப் பட்டை. அதே நிறம், அதே பட்டை, அதே நீச்சல் நடையோடு இன்னொரு மீன் அதைப்போல வேடம் போட்டுத் திரியும். கிட்டே வந்து துடுப்பைக் கடித்துவிட்டுப் போகும். நிறத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. துப்புரவு மீனுக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கும். வேடதாரிக்கு வாய் மூக்குக்கு அடியில் இருக்கும். அதை மட்டும் பார்த்தால் போதும்.

நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் தண்ணீர். சிவப்பு நிறம் ஐந்து, பத்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே மங்கிவிடும். மேலே செக்கச்செவேல் என்று இருக்கும் மீன் அங்கே சாம்பலாகத் தெரியும். கேமராவில் எல்லாமே நீலம் பூத்து விழும். ஒரு சின்ன டார்ச் அடித்தால் உண்மையான நிறம் திரும்ப வரும். அளவும் அப்படித்தான். தண்ணீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். முதல் வருடம் நான் எழுதிவைத்த மீன் நீளங்கள் எல்லாமே கூடுதல். இப்போது என் கையையே அளவுகோலாக நீட்டிப் பார்க்கிறேன். கையும் அதே அளவுக்குப் பெரிதாகத்தானே தெரியும், அதனால் கணக்கு சரியாகிவிடும்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது அழகான படம்தான், அடையாளம் காண உதவாது. பக்கவாட்டில், மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை முழுசாக விழுந்த ஒரே ஒரு படம் போதும், கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு அவசரப்படக் கூடாது. துரத்தினால் மீன் வாலைத்தான் காட்டும். அசையாமல் மிதந்து, மூச்சை மெதுவாக விட்டுக் காத்திருந்தால், இரண்டு மூன்று நிமிடத்தில் அதுவாகவே வெளியே வந்து பக்கவாட்டில் திரும்பும். ஏஞ்சல் குஞ்சுகள் பெரும்பாலும் தங்கள் இடத்தை விட்டுப் போவதில்லை. அடுத்த வாரம் போனாலும் அதே பவளத்தடியில் இருக்கும். காத்திருக்கும்போது காலை ஊன்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஒரு மிதியில் உடைகிற கிளை பல வருடம் வளர்ந்தது. பவளத்துக்கு நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு இருக்கிறது, புலிக்கு இருப்பது போலவே. அதனால் கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டைக்கூட நான் எடுப்பதில்லை, பிள்ளைகளையும் எடுக்க விடுவதில்லை.

வெறும் ஞாபகத்தை நம்பி வீட்டுக்கு வந்து எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. கரை ஏறுவதற்குள் மூன்று மீன் ஒன்றாகக் கலந்துவிடும். வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீருக்குள்ளேயே எழுதலாம், வீட்டில் பல்பொடி வைத்துத் தேய்த்தால் அழிந்துவிடும். அதில் பெயர் எழுதுவதில்லை. வெறும் கோட்டோவியம், பக்கத்தில் இரண்டு சொல்: 'தனியாக', 'மேசைப் பவளத்தடியில்'. பெயர் கரைக்கு வந்த பிறகு, நிதானமாக.

பெயர் தேடும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த மீன் இந்தக் கடலில் உண்டா என்பது. கோமாளி மீன் இதற்கு நல்ல உதாரணம். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டையோடு எதைப் பார்த்தாலும் அந்தமானில் எல்லோரும் 'நீமோ' என்பார்கள். புத்தகத்தைத் திறந்தால் ஒரே மாதிரி இரண்டு இருக்கும்: ஓசெல்லாரிஸ், பெர்குலா. முதுகுத் துடுப்பில் முள் எண்ணினால் ஓசெல்லாரிஸுக்கு வழக்கமாகப் பதினொன்று, பெர்குலாவுக்குப் பத்து. ஆடிக்கொண்டே இருக்கும் மீனில் முள் எண்ணுவது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் பெர்குலா வாழ்வது ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரை, நியூ கினி, சாலமன் தீவுகள் பக்கம். அந்தமானில் காண்பது ஓசெல்லாரிஸ். வரைபடம் ஒன்றே விடை சொல்லிவிடுகிறது. ஃபிஷ்பேஸ் தளத்தில் மீனின் பெயரைப் போட்டால் அது எந்தெந்தக் கடலில் இருக்கிறது என்று காட்டும். நான் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் குறிப்பில் மையால் எழுதுகிறேன்.

ஒரே இனம்கூடக் கடலுக்குக் கடல் மாறும். என்னிடம் இருந்த கையேட்டில் வளர்ந்த எம்பரரின் முதுகுத் துடுப்பு பின்னால் கூராக நீண்டிருந்தது. நீல் தீவில் முதன்முதலாக வளர்ந்த எம்பரரைப் பார்த்தபோது அதன் துடுப்பு வட்டமாக இருந்தது. தவறான மீனைப் பார்த்துவிட்டேனோ என்று இரண்டு நாள் மனது அடித்துக்கொண்டது. பசிபிக்கில் இருக்கும் எம்பரருக்குத்தான் அந்த நீண்ட கூர் முனை வரும். இந்தியப் பெருங்கடலில் இருப்பவற்றுக்கு வராது. கையேட்டின் படம் பசிபிக்கில் எடுத்தது.

அந்த வளர்ந்த எம்பரரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. என் முழங்கை முதல் மணிக்கட்டு வரை நீளம். நீல உடம்பில் மஞ்சள் கோடுகள், சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து வால்வரை ஓடின. வால் முழு மஞ்சள். கண்ணின் குறுக்கே கறுப்பு முகமூடி, அதற்கு நீல விளிம்பு. வாய் மட்டும் வெளுப்பு. பாறை மேல் வளர்ந்திருந்த கடற்பஞ்சை ஒரு கடி கடித்துவிட்டு, கொஞ்சமும் பயம் இல்லாமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்த நிமிடம் ஒரு சத்தம் கேட்டது, 'டொக்' என்று, மரக்கதவை முட்டியால் தட்டுவது போல. அந்த மீன் எழுப்பிய சத்தம்தான். எம்பரர் மிரட்டும்போது அப்படிச் சத்தம் எழுப்பும் என்பது பிறகு தெரிந்தது. நான் பின்வாங்கினேன்.

வட்டம் வட்டமாகக் கோடு போட்ட அந்தக் குஞ்சும், மஞ்சள் கோடு போட்ட இந்தப் பெரிய மீனும் ஒன்று என்று யாராவது வெறும் வாயால் சொன்னால் நம்ப முடியுமா? முன்பு நம்பவும் இல்லை. வளர்ந்த எம்பரருக்கு 1787-இல் அறிவியல் பெயர் வைத்தவர் மார்க்கஸ் எலியேசர் ப்ளாஹ் என்ற பெர்லின் மருத்துவர். குஞ்சுக்கு 1801-இல் அவரும் ஷ்னைடர் என்பவரும் எழுதிய நூலில் வேறொரு பெயர் வந்தது: நிகோபாரியன்சிஸ். நான் இருக்கும் அந்தமானுக்குப் பக்கத்துத் தீவுக்கூட்டத்தின் பெயர்! ஒரு மீனுக்கு இரண்டு பெயர், இரண்டு இனம் என்று வெகுகாலம் இருந்திருக்கிறது. பின்னால்தான் இரண்டும் ஒன்று என்று ஆகி, முதலில் வைத்த 'இம்பெராட்டர்' என்ற பெயரே நிலைத்தது. அத்தனை மீன்களைப் பார்த்த ஒருவரே அடையாளம் காண முடியாமல் போன மீன் இது. அதனால்தான் அட்டையில் தவறாக எழுதிவிட்டேனே என்ற என் வருத்தம் கொஞ்சம் தணிந்தது.

இந்த ப்ளாஹுக்கு நம் கரையிலிருந்தும் மீன்கள் போயின. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இங்கே கிடைத்த மீன்களைப் பெர்லினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நன்றிக்கு ப்ளாஹ் ஒரு பேரினத்துக்கு ஜோனியஸ் என்று பெயர் வைத்தார். எது தெரியுமா? நாம் குழம்பு வைக்கும் கத்தாளை. அந்த மீன்களைப் பாதிரியாரிடம் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார், வலை போட்டது யார் என்று எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அப்பாவைப் போல ஒருவர் கன்னத்து முள்ளைக் காட்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்.

குஞ்சுக்கு ஏன் இப்படி முற்றிலும் வேறு உடை? வளர்ந்த ஏஞ்சல் தன் இடத்துக்குள் தன்னைப் போன்ற இன்னொரு மீன் வந்தால் விரட்டி அடிக்கும். குஞ்சு வேறு கோலத்தில் இருப்பதால் அதைப் போட்டியாக நினைக்காமல் விட்டுவிடுகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. அந்த எம்பரர் என்னிடம் எழுப்பிய சத்தத்தைக் கேட்டவள் நான்.

போன மே மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கரையில் நங்கூரம் போட்டு வரிசையாக நின்றன. நாட்டுப்படகுகள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன. காலையில் அப்பா கூடு தூக்கிவிட்டு வந்தார். ஓராவும் விளமீனும் இரண்டு கிளி மீனும் கிடந்த கூடையில், அடியில், தட்டையாக ஒரு மீன். பொன்பழுப்பு உடம்பு. நெஞ்சுத் துடுப்பின் அடியிலிருந்து நீலக் கோடுகள் வில்லாக வளைந்து முதுகைப் பார்த்து ஏறின. செவுளுக்குப் பின்னால், தோளில், தனியாக ஒரு நீல வளையம். வால் வெள்ளை. நீல வளைய ஏஞ்சல். நான் குஞ்சாகக்கூடக் கடலில் பார்த்திராத மூன்றாவது மீன், எங்கள் வீட்டுக் கூடையில்.

"இதைத்தான் சின்ன வயசுல நீ கலர் மீனு கலர் மீனுன்னு கேட்டு அழுவ" என்றார் அப்பா. எனக்கு ஞாபகம் இல்லை. அவர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து மீனின் கன்னத்தில் வைத்து, பின்னாலிருந்து முன்னால் மெதுவாக இழுத்தார். முள் விரலில் தட்டியது. எதிர்பார்த்ததைவிடத் தடிப்பு. முன்னாலிருந்து பின்னால் தடவினால் ஒன்றுமே தெரியாது, வழுக்கிக்கொண்டு போகிறது. பின்னாலிருந்து வந்தால்தான் பிடிக்கிறது. கூட்டுக்குள் கைவிட்டு மீனை வால் பக்கமிருந்து பிடிப்பவருக்குத்தான் அது முதலில் தெரியும்.

அன்று அவரோடு உட்கார்ந்து, கூடையில் இருந்த ஒவ்வொரு மீனையும் அவர் எப்படிப் பிரிக்கிறார் என்று எழுதிக்கொண்டேன். கிளி மீனுக்கு அவர் பல்லைப் பார்க்கிறார். கிளியின் அலகு போல ஒன்றாக ஒட்டிப்போன பல். நிறம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பெண் ஆணாக மாறும்போது இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருப்பதால், கிளி மீனில் நிறத்தைச் சொல்லி இனத்தைச் சொல்வது இன்னும் கடினம். ஓராவை முதுகு முள்ளைப் பார்த்து ஒதுக்கிவைக்கிறார், குத்தினால் கடுக்கும் என்பதால். நிறத்தை ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. செத்த மீனில் நிறம் சீக்கிரம் மங்கிப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். போகாததைத்தான் அவர் பார்க்கிறார்.

போர்ட் பிளேருக்குத் திரும்பி, கடல் அடங்கியதும் டிசம்பரில் நீல் தீவுக்குப் போனேன். முதன்முதலில் அரைவட்டக் குஞ்சைப் பார்த்த மேசைப் பவளத்தில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அந்த மீன் இல்லை. கொஞ்சம் தள்ளி, இன்னொரு பாறையின் குடைவில், ஒரு கைவிரல் நீள மீன் ஒன்று முகத்தை மட்டும் நீட்டியது. காத்திருந்தேன். மூன்றாவது நிமிடம் பக்கவாட்டில் திரும்பியது. முன்பக்கம் இன்னும் கருநீலம், வெள்ளை வளையங்கள் நூலாக மெலிந்து உடைந்துகொண்டிருந்தன. வாலுக்கு முன்னால் மையம் இருந்த இடத்தில் வட்டத்தின் ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதன் மேலேயே மஞ்சள் கோடுகள் மெல்லிசாகப் படுக்கை வசத்தில் எழும்பியிருந்தன. வால் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இரண்டு பெயர் வாங்கிய மீன் ஒரே உடம்பில் இரண்டாகவும் நின்றது.

தகட்டில் வளையத்தை வரைந்தேன், அதன் மேல் கோடுகளை வரைந்தேன். ஒரே ஒரு படம் மட்டும் முழுசாக விழுந்தது. கரைக்கு வந்து அப்பாவுக்கு அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்பே பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். முள் இருந்தது.